வெளிநாட்டுப் பளுதூக்கல் போட்டிக்கு வீட்டுப் பிள்ளையோடு போகிறீர்களா? கொழும்பிலிருந்து போட்டி மேடை வரை முழுமையான வழிகாட்டி

மகளோ, தம்பியோ, மருமகனோ, போட்டியிடப் போகிறவரை இங்கே ‘பிள்ளை’ என்றே சொல்கிறோம். பிள்ளை தேசிய அணியோடு போகும். பயிற்றுநரும் அணி முகாமையாளரும் கூடவே இருப்பார்கள். நீங்கள் சொந்தச் செலவில், பார்வையாளராகப் போகிறீர்கள். அப்படிப் போகும் அம்மா அப்பாவுக்கும் அண்ணன் அக்காவுக்கும் எழுதப்பட்டது இது. படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். ஒன்றைத் தவறவிட்டால் அதற்கு அடுத்ததும் சரிவராது.

1. முதலில் எடை பார்க்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

போட்டி மாலை 5 மணிக்கு என்றால் வீட்டார் 5 மணியைத்தான் மனதில் வைத்துக்கொள்கிறார்கள். குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

பளுதூக்கலில் எடை பார்ப்பது போட்டி தொடங்க இரண்டு மணித்தியாலம் முன்னர் ஆரம்பித்து ஒரு மணித்தியாலம் நடக்கும். 5 மணிப் போட்டிக்கு 3 முதல் 4 வரை. அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் பிள்ளை தன் பிரிவின் எடைக்குள் வராவிட்டால் மேடைக்கே போக முடியாது. ஆகவே சாப்பாடு, தூக்கம், பயணம், நீங்கள் பிள்ளையைச் சந்திக்கும் நேரம் எல்லாவற்றையும் 3 மணியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

போட்டி நடக்கும் நாட்டின் நேரத்தையும் கொழும்பு நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். உதாரணத்துக்கு, கோடை காலத்தில் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நம்மை விட நாலரை மணித்தியாலம் பின்னால். ஜப்பானின் நகோயா மூன்றரை மணித்தியாலம் முன்னால். இந்தியாவின் அஹமதாபாத்துக்கு வித்தியாசமே இல்லை. கிளாஸ்கோவில் மாலை 5 மணி என்றால் பிள்ளையின் உடம்புக்கு அது இரவு 9.30. ஒரு மணித்தியால வித்தியாசத்துக்கு ஏறத்தாழ ஒரு நாள் என்று உடம்புக்கு அவகாசம் தேவை. அணி முன்கூட்டியே புறப்படுவது இதனால்தான். ‘இன்னும் இரண்டு நாள் வீட்டில் நிற்கலாமே’ என்று பிள்ளையை மறிக்காதீர்கள்.

2. கடதாசி வேலை: பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும்

தமிழ்க் குடும்பங்கள் அதிகம் தடுமாறுவது பெயரில். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் முழுமையாக இருக்கும், அடையாள அட்டையில் முதலெழுத்து மட்டும் இருக்கும், கடவுச்சீட்டில் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறாக இருக்கும். போட்டிக்கான பதிவு கடவுச்சீட்டில் உள்ளபடிதான் போக வேண்டும். எடை பார்க்கும் இடத்திலும் அடையாளத்தைச் சரிபார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். அணி முகாமையாளரிடம் கடவுச்சீட்டின் பிரதியைக் கொடுங்கள். பெயரை வாயால் சொல்லி எழுதுவிக்காதீர்கள்.

கடவுச்சீட்டு காலாவதியாக ஆறு மாதத்துக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். குறைவென்றால் பத்தரமுல்லைக் கடவுச்சீட்டு அலுவலக வேலையை முதலில் முடியுங்கள், விசா அதற்குப் பிறகுதான்.

பிள்ளைக்கான போட்டி அங்கீகாரம் உங்களுக்குப் பொருந்தாது. நீங்கள் சாதாரணப் பார்வையாளர் விசாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பிரித்தானியா என்றால் பயணத் திகதிக்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கைவிரல் அடையாளம் கொடுத்த பிறகு வழமையாக மூன்று வாரம் எடுக்கும். உறவைக் காட்டப் பிறப்புச் சான்றிதழ் தேவைப்படும். அது தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் எடுத்து வையுங்கள். பிள்ளை அணியில் இருப்பதை உறுதிப்படுத்தும் கடிதத்தின் பிரதியையும் இணைத்தால், எதற்காகப் போகிறீர்கள் என்பது விண்ணப்பத்தைப் பார்க்கிறவருக்குத் தெளிவாகும்.

3. விமான டிக்கெட்: அவசரப்பட்டால் நட்டம்

தேசிய அணி வெளிநாடு போவதற்கு விளையாட்டுத்துறை அமைச்சின் அனுமதி வேண்டும். பெயர்ப் பட்டியல் கடைசி வாரங்களில் மாறுவதும் உண்டு. அனுமதி வரும்வரை திகதி மாற்றக்கூடிய டிக்கெட்டையே எடுங்கள், சற்றுக் கூடுதலாகச் செலவானாலும்.

இரண்டாவது சிக்கல் குழு. ஒரு எடைப் பிரிவில் நிறையப் பேர் இருந்தால் ஏ, பி, சி என்று பிரிப்பார்கள். தூக்குவோம் என்று பதிவில் கொடுத்த மொத்த எடை அதிகமானவர்கள் ஏ குழுவில் இருப்பார்கள், அவர்கள் கடைசியில் தூக்குவார்கள். பி, சி குழுக்கள் அதே நாள் காலையிலோ, முதல் நாளிலோ கூட இருக்கலாம். பிள்ளை எந்தக் குழு என்பது இறுதிப் பதிவைச் சரிபார்க்கும் கூட்டத்துக்குப் பிறகுதான் உறுதியாகும். பதக்கச் சுற்று நேரத்தை மட்டும் பார்த்து டிக்கெட் எடுத்தவர்கள் அரங்கினுள் நுழையும்போது பிள்ளை தூக்கி முடித்திருக்கும். அந்த எடைப் பிரிவுக்குக் குறிக்கப்பட்ட நாளுக்கு இரண்டு நாள் முன்னர் போய்ச் சேருங்கள். திரும்புவது அதற்கு அடுத்த நாளுக்குப் பிறகு இருக்கட்டும்.

எடைப் பிரிவுகளும் மாறிக்கொண்டிருக்கின்றன. 2025 ஜூனில் சர்வதேசப் பளுதூக்கல் சம்மேளனம் எல்லாப் பிரிவுகளையும் மாற்றியது. பழைய போட்டி அட்டவணையை நம்பாமல், இந்தப் போட்டிக்கு வந்த அழைப்பில் உள்ள எண்ணையே பாருங்கள்.

4. வீட்டு மருந்துப் பெட்டியைப் பூட்டுங்கள்

போட்டிக்கு ஆறு வாரம் முன்பே செய்ய வேண்டியது இது. வீட்டார் நல்லெண்ணத்தோடு செய்யும் வேலை பிள்ளையின் பல வருட உழைப்பை அழித்துவிடக்கூடிய இடமும் இதுதான். ஊக்கமருந்து விதியில், உடம்பில் என்ன இருந்தாலும் பொறுப்பு விளையாடுபவருடையது. ‘அம்மா தந்தா, தெரியாமல் குடிச்சிட்டன்’ என்பது மீறலை இல்லாமல் செய்யாது.

வீடுகளில் சாதாரணமாகக் கிடக்கும் ஆபத்துகளைப் பாருங்கள்.

அம்மம்மாவின் பிரஷர் குளிசை. ஹைட்ரோகுளோரோதயசைட் போன்ற, சிறுநீரைக் கூட்டும் குளிசைகள் போட்டிக் காலத்தில் மட்டுமல்ல, எக்காலமும் தடை. எடை குறைக்க ‘ஒரு அரைக் குளிசை’ என்று எவரும் ஆலோசனை சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

தடிமன் குளிசை. மூக்கடைப்புக்குத் தரும் பல குளிசைகளிலும் பாணிகளிலும் சூடோஎபெட்ரின் இருக்கும். போட்டி நேரத்தில் அது குறித்த அளவைத் தாண்டினால் மீறல்.

இழுப்புக்கான மருந்து. சல்பியூட்டமோல் பம்புக்கு அளவு வரம்புண்டு: 24 மணித்தியாலத்தில் 1600 மைக்ரோகிராம். பிரெட்னிசொலோன் குளிசை போட்டி நேரத்தில் தடை. நோவுக்குத் தரும் டிரமடோலும் 2024 ஜனவரியிலிருந்து போட்டி நேரத்தில் தடை. ‘போட்டி நேரம்’ என்பது போட்டிக்கு முதல் நாள் இரவு 11.59க்கே தொடங்கிவிடும். அதற்கு முன்னர் விழுங்கியதும் உடம்பில் தங்கியிருக்கலாம்.

நாட்டு மருந்து. சித்த, ஆயுர்வேதப் பொடிகளிலும் கஷாயங்களிலும் என்ன சேர்ந்திருக்கிறது என்பது பெரும்பாலும் முழுமையாக எழுதப்பட்டிருக்காது. சில மூலிகைகளில் இயற்கையாகவே தடைசெய்யப்பட்ட பொருள் இருக்கிறது. ‘மூலிகைதானே’ என்று நினைக்காதீர்கள்.

பிள்ளைக்கு ஒரு மருந்து உண்மையாகவே தேவையென்றால் வழி இருக்கிறது. மருத்துவரின் அறிக்கையோடு, சிகிச்சைக்கான விதிவிலக்குக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். கொழும்பில் ஸ்லாடா எனப்படும் ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகத்தில் கேட்கலாம். புதிய மருந்து எதையும் அணி மருத்துவர் பார்க்காமல் கொடுக்காதீர்கள். குளிசையின் பெயரை மட்டும் அனுப்பாமல் அட்டையின் இரு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள்.

இன்னொன்று. பிள்ளை பரிசோதனைப் பட்டியலில் இருந்தால், ஒவ்வொரு நாளும் எந்த 60 நிமிடம் எங்கே இருக்கும் என்று முன்கூட்டிப் பதிய வேண்டும். கொட்டாஞ்சேனை வீட்டைப் பதிந்துவிட்டு, இரவு வெள்ளவத்தை மாமி வீட்டில் தங்கினால் பரிசோதகர் வந்து திரும்பிப் போவார். 12 மாதத்துக்குள் இப்படி மூன்று முறை நடந்தால் அதுவே விதிமீறல். கலியாணவீடு, கோயில் திருவிழா என்று பிள்ளையைக் கூட்டிப்போகுமுன் ‘முகவரியை மாற்றிப் பதிந்தாயா?’ என்று கேளுங்கள்.

5. பை கட்டுதல்: சப்பாத்து கையோடு

பெட்டி தொலையலாம், பிந்தலாம். வேறு எதையும் அங்கே வாங்கிவிடலாம். பழகிய பளுதூக்கல் சப்பாத்தை வாங்க முடியாது. குதி உயர்ந்த அந்தச் சப்பாத்து, போட்டி உடை இரண்டு, இடுப்புப் பட்டி, மணிக்கட்டுத் துணி, முழங்கால் உறை, விரலில் ஒட்டும் டேப் எல்லாம் விமானத்துக்குள் கொண்டுபோகும் பையில் இருக்க வேண்டும். பட்டியின் அகலம் 12 சென்ரிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. உடற்பயிற்சி நிலையத்தில் பாவிக்கும் அகலமான பட்டியை மேடையில் அனுமதிக்க மாட்டார்கள்.

வெள்ளைச் சோக்குத் தூள் அரங்கில் இருக்கும். கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால் கட்டியாக, கடைப் பொதியோடு பெரிய பெட்டியில் வையுங்கள். பெயரில்லாத பொலித்தீன் பையில் வெள்ளைத் தூளோடு விமான நிலையத்தில் நின்றால் விளக்கம் சொல்லியே நேரம் போய்விடும்.

சாப்பாட்டுச் சாமான் கொண்டுபோகிறவர்கள் அந்த நாட்டுச் சுங்க விதியைப் பாருங்கள். பிரித்தானியாவுக்கு இறைச்சியும் பால் பண்டங்களும் இங்கிருந்து கொண்டுபோக முடியாது. அவுஸ்திரேலியாவில் எந்த உணவையும் அறிவித்துத்தான் ஆக வேண்டும். அரிசி மா, சிறிய மின்சாரச் சோற்றுப் பானை, தேர்மோஸ், அந்த நாட்டுக்கேற்ற பிளக் மாற்றி இருந்தால் போதும்.

6. எடை: தராசும் சாப்பாடும்

60 கிலோப் பிரிவென்றால் 60.00 வரை சரி, 60.01 பிழை. போட்டித் தராசு 10 கிராம் வரை காட்டும். வீட்டுத் தராசு அப்படியல்ல.

அதைச் சோதிக்க ஒரு வழி. பயிற்சி நிலையத்தில் உள்ள, போட்டித் தரமான 20 கிலோ நீலத் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை வெறுமனே தராசில் ஏறிப் பார்க்கட்டும். பிறகு தட்டை நெஞ்சோடு அணைத்தபடி ஏறட்டும். வித்தியாசம் 20.0 வர வேண்டும். 19.6 என்றோ 20.5 என்றோ வந்தால் அந்தத் தராசை எடை குறைப்புக்கு நம்ப முடியாது. தராசு எப்போதும் ஓட்டுத் தரையிலோ சீமெந்துத் தரையிலோ இருக்கட்டும். கம்பளத்தில் வைத்தால் பொய் சொல்லும்.

எடை எவ்வளவு, எப்படிக் குறைப்பது என்பது பயிற்றுநரின் வேலை. வீட்டாருக்கு மூன்று வேலைதான்: கடைசி வாரம் சமையலில் உப்பைத் திடீரென்று கூட்டாமல் இருப்பது, பிள்ளைக்கு முன்னால் பலகாரம் வைக்காமல் இருப்பது, ‘மெலிஞ்சு போனாய், ஒரு பிடி சாப்பிடு’ என்று சொல்லாமல் இருப்பது. மூன்றாவதுதான் கடினம். வயிறு காய்ந்த பிள்ளைக்கு அந்த ஒரு பிடியை மறுப்பது பாரம் தூக்குவதை விடப் பெரிய பாடு. ஊறுகாய், கருவாடு, விமானத்தில் தரும் உப்புச் சாப்பாடு எல்லாம் உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். நீண்ட பயணத்துக்குப் பிறகு தராசு கூடக் காட்டுவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம், பயப்பட ஒன்றுமில்லை.

எடை பார்த்த பிறகு சாப்பிடும் சாப்பாடு தனிப் பாடம். எடை பார்த்தல் முடிந்து போட்டி தொடங்க ஏறத்தாழ ஒரு மணித்தியாலந்தான். அதற்குள் சமிக்க வேண்டும். வெள்ளைச் சோறு ஒரு சிறு கிண்ணம், பழுத்த வாழைப்பழம், ஜாம் பூசிய வெள்ளைப் பாண், தேன் சரி. தேங்காய்ப்பால் கறி, சம்பல், பருப்பு, சிவப்பரிசி இடியப்பம் இவை நல்ல சாப்பாடுதான், ஆனால் அந்த நேரத்துக்கல்ல: கொழுப்பும் நாரும் வயிற்றில் தங்கும், பட்டியை இறுக்கும்போது புரட்டும். குடிக்க, பொதியில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்த ஜீவனி (உப்பும் சர்க்கரையும் சேர்ந்த நீரிழப்புப் பொடி). ஒரே மூச்சில் ஊற்றாமல் மிடறு மிடறாக.

இதைக் கொழும்பிலேயே இரண்டு தடவையாவது ஒத்திகை பாருங்கள். பாரமான பயிற்சி நாளில், பயிற்சிக்கு ஒரு மணித்தியாலம் முன்னர் அதே சாப்பாடு, அதே அளவு. வயிறு ஒத்துக்கொள்ளாதது எதுவோ அது வீட்டிலேயே தெரிந்துவிடும்.

7. போட்டி நாள்

மாலை 5 மணிப் போட்டிக்கு இப்படி இருக்கட்டும்.

காலையில் பிள்ளையைத் தேடிப் போகாதீர்கள். எடை கிட்ட நிற்கிற பிள்ளைக்குப் பேசவே மனம் இருக்காது. உங்களோடு வாடிய முகத்தை மறைத்துப் பேசுவதும் அதற்கு வேலைதான். ஒரே ஒரு குறுஞ்செய்தி போதும்.

நண்பகலுக்கு முன் சாப்பாட்டுப் பொதியைத் தயாராக்கி, அணியில் ஏற்கெனவே பேசி வைத்த ஒருவரிடம் அரங்க வாசலில் கொடுங்கள். வார்ம் அப் பகுதிக்குள் போகும் அனுமதி அட்டைகள் எண்ணிக்கையில் குறைவு, உங்களுக்குக் கிடைக்காது. வாசலில் நின்று பாதுகாப்பு ஊழியரோடு வாதாடினால் பயிற்றுநர் வெளியே வர வேண்டியிருக்கும். அவர் அந்த நேரம் வெளியே வரக்கூடாது.

3 முதல் 4 வரை எடை பார்த்தல். கூடுதலாகக் காட்டினால் அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் திரும்பத் திரும்ப ஏறலாம். எடை சரியாக வந்ததும் ஸ்னாட்சிலும் (ஒரே இழுப்பில் தலைக்கு மேல் தூக்குவது) கிளீன் அண்ட் ஜேர்க்கிலும் (முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல்) எத்தனை கிலோவில் தொடங்குவது என்று எழுதிக் கொடுப்பார்கள். இரண்டின் கூட்டுத்தொகை, பதிவில் கொடுத்த மொத்தத்திலிருந்து 20 கிலோவுக்கு மேல் குறையக்கூடாது. ஆகவே ‘பயமாயிருந்தால் குறைச்சுத் தொடங்கு’ என்று வீட்டார் கொடுக்கும் ஆறுதலுக்கு விதியிலேயே இடம் குறைவு.

இந்த நேரத்தில் வீட்டில் ஒருவரைத் தொலைபேசிக்குப் பொறுப்பாக்குங்கள். ‘எடை சரியா?’ என்று கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ரொறன்ரோவிலும் இருந்து வரும் அழைப்பெல்லாம் அவரிடம் போகட்டும். வட்ஸ்அப் குடும்பக் குழுவுக்குச் செய்தி போடுவதும் அவரே. பிள்ளையின் எண்ணுக்கு எவரும் எடுக்கக்கூடாது.

8. அரங்கில்: பார்ப்பதும் கத்துவதும்

மூன்று ஸ்னாட்ச், பத்து நிமிட இடைவேளை, மூன்று கிளீன் அண்ட் ஜேர்க். குறைந்த எடை கேட்டவர் முதலில் தூக்குவார், பாரம் ஏறிக்கொண்டே போகும், இறங்காது. அதனால் பிள்ளையின் முறை எப்போது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது; திரையில் மற்றவர்கள் கேட்ட எடையைப் பாருங்கள். எண்கள் திடீரென்று மாறும். அது பயிற்றுநர்களின் கணக்கு, பதற வேண்டாம்.

பெயர் சொன்னதும் 60 செக்கன். பிள்ளையே தன்னைத் தொடர்ந்து தூக்கினால் 120. 30 செக்கன் மீதமிருக்கும்போது அடிக்கும் மணி எச்சரிக்கைதான், நேரம் முடிந்ததாக எண்ணாதீர்கள்.

பாரத்தை நீங்களே எண்ணலாம். சிவப்பு 25, நீலம் 20, மஞ்சள் 15, பச்சை 10. பெண்கள் கம்பி 15 கிலோ, ஆண்கள் கம்பி 20, இரு பக்கப் பூட்டும் சேர்ந்து 5. பெண்கள் கம்பியில் ஒரு பக்கம் ஒரு சிவப்பும் ஒரு பச்சையும் என்றால் 35, இரு பக்கமும் 70, கம்பியும் பூட்டும் 20: மொத்தம் 90.

இனிக் கத்துவது. பிள்ளை மேடைக்கு ஏறும்போது பெயரைச் சொல்லி எவ்வளவும் கத்துங்கள். குனிந்து கம்பியைப் பிடித்ததும் நிறுத்துங்கள், பிளாஷ் அடிக்காதீர்கள். தலைக்கு மேல் பாரம் போய் நின்ற கணம்தான் மிக முக்கியம். நடுவரின் சைகை வரும்வரை கால் இரண்டும் ஒரு கோட்டில், அசையாமல் நிற்க வேண்டும். முந்திக் கீழே விட்டால் சிவப்பு விளக்கு.

நம்மவர்கள் உற்சாகத்தில் கத்தும் சொல் ‘போடு! போடு!’ அந்தக் கணத்தில் அந்தச் சொல் வேண்டாம். கண் இருண்டு, காது அடைத்து, கை நடுங்க நிற்கும் பிள்ளைக்கு அது ‘கீழே போடு’ என்றும் கேட்கலாம். ‘பிடி, பிடி, பிடி’ என்று சொல்லுங்கள். வீட்டில் எல்லோரும் இந்த ஒரு சொல்லையே பழகுங்கள், சின்னப் பிள்ளைகளும்.

மூன்று நடுவர், இரண்டு வெள்ளை விளக்கு வந்தால் தூக்கியது செல்லும். முழங்கை மடங்கி மறுபடி நிமிர்ந்தால் சிவப்பு வரும். பாரம் மேலே போன பிறகும் ஏன் சிவப்பு என்று வீட்டார் கொதிப்பது பெரும்பாலும் இதற்குத்தான். இருக்கையிலிருந்து எழுந்து நடுவரை நோக்கிச் சத்தம் போடாதீர்கள். முறைப்பாடு செய்யும் வழி பயிற்றுநருக்குத் தெரியும்.

9. தவறினால், முடிந்தால்

ஸ்னாட்ச் மூன்றும் தவறினால் மொத்தக் கணக்கில் பிள்ளை இல்லை. இடைவேளையில் அறைக்குள் போக முயலாதீர்கள், செய்தியும் அனுப்பாதீர்கள். கிளீன் அண்ட் ஜேர்க்குக்குத் தனிப் பதக்கம் உள்ள போட்டியில் பிள்ளைக்கு இன்னும் மூன்று முயற்சி மீதமிருக்கிறது, அதற்கான மனநிலையைப் பயிற்றுநர் கட்டிக்கொண்டிருப்பார்.

முடிந்த உடனே பிள்ளை உங்களிடம் வராது. ஊக்கமருந்துப் பரிசோதனைக்குக் கூப்பிட்டால், கூப்பிட்ட கணத்திலிருந்து ஒரு கண்காணிப்பாளர் கூடவே இருப்பார். சிறுநீர் குறைந்தது 90 மில்லிலீற்றர் வேண்டும். எடை குறைத்து உடம்பு வறண்ட பிள்ளைக்கு அது இரண்டு மூன்று மணித்தியாலம் எடுக்கலாம். அங்கே தரும் மூடி உடைக்காத போத்தல் தவிர வேறு எதையும் குடிக்கக் கொடுக்காதீர்கள், நீங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த தேத்தண்ணியாக இருந்தாலும். பிள்ளை 18 வயதுக்குக் கீழ் என்றால் பெரியவர் ஒருவர் பிரதிநிதியாகக் கூட இருக்க வேண்டும். அது பயிற்றுநரா, நீங்களா என்று புறப்படுமுன்பே தீர்மானித்து வையுங்கள். அன்றிரவு விமானமும் வேண்டாம், முன்பதிவு செய்த விருந்தும் வேண்டாம்.

வாசலில் காத்திருங்கள். கையில் மறு சோடி உடுப்பும், சோற்றுப் பானையில் சூடாக வைத்த சோறும், அன்று முழுக்கக் கொடுக்காமல் வைத்த கறியும் இருக்கட்டும். எத்தனை கிலோ என்று பிள்ளையே சொல்லும். நீங்கள் கேட்க வேண்டாம்.